அம்மாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது?

கார்த்திகை மாதக் குளிரில், பெண்கள் வார்டுக்கு வெளியே வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்த பதினோரு ராத்திரிகளில் நான் பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரிக் கதைகள்தான். ராத்திரியில் ஆண்கள் உள்ளே தங்கக் கூடாது என்பதால் அம்மாவுக்குத் துணையாகச் சித்தி இருந்தாள். நான் வெளியே, ஒரு காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இன்னொரு காதைச் சித்தியின் குரலுக்காக விட்டு வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டு ஆஸ்பத்திரிக் கதையா பார்க்கிறீர்கள் என்று பக்கத்துப் பாய்க்காரர் கேட்டார். எனக்கு வேறு எதிலும் மனது நிற்கவில்லை. கதையில் ஒரு டாக்டர் கட்டிலருகே வரும்போதெல்லாம், இவர் அம்மாவிடம் வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்றே யோசனை ஓடியது.

அம்மா குணமாகி வீட்டுக்கு வந்த பிறகும் அந்த யோசனை விடவில்லை. கதைகளில் வரும் ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் அம்மாவைச் சேர்க்கலாம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பேன்? விளையாட்டுக் கேள்விதான். ஆனால் பதில் தேடும்போது, நிஜ ஆஸ்பத்திரியில் நமக்கு என்ன வேண்டும் என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

முதலில் அம்மாவின் கதை. எங்கள் ஊர் திருவண்ணாமலை பக்கம். வீட்டுக்குப் பின்னால் சீமைக்கருவேலமும் புதருமாக ஒரு தரிசு நிலம். மழை விட்டதும் ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடிக்க அம்மா தினமும் அங்கே போவாள். திடீரென்று காய்ச்சல், தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. பக்கத்து டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். ரத்தப் பரிசோதனை செய்து டைபாய்டு என்றார்கள். எட்டு நாள் ஊசி, டிரிப்ஸ். காய்ச்சல் இறங்கவே இல்லை. டாக்டர் காலையில் வருவார், கட்டிலின் கால்மாட்டில் நின்று கேஸ் ஷீட்டைப் பார்ப்பார், "கன்டினியூ பண்ணுங்க" என்பார், போய்விடுவார். எட்டு நாளில் ஒருமுறைகூட அம்மாவின் மேல் அவர் கை படவில்லை. ஒன்பதாம் நாள் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பயந்துபோய் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என்ன நோய் என்றே பிடிபடாத காய்ச்சல் என்றால், தொடர் பார்க்கிற யாரைக் கேட்டாலும் ஒரே பெயர்தான் வரும்: டாக்டர் ஹவுஸ். 2004 முதல் 2012 வரை 8 சீசன் ஓடிய 'ஹவுஸ்' தொடரில், நியூ ஜெர்சியில் உள்ள பிரின்ஸ்டன் பிளெயின்ஸ்பரோ என்ற கற்பனை ஆஸ்பத்திரியில், நோய் கண்டறிவதற்கென்றே தனித் துறை நடத்துபவர் கிரெகரி ஹவுஸ். மற்றவர்கள் கைவிட்ட கேஸ்கள்தான் அவரிடம் வரும். ஷெர்லாக் ஹோம்ஸை மனதில் வைத்து உருவாக்கிய பாத்திரம் அவர். வீட்டு எண்கூட ஹோம்ஸ் வீட்டின் அதே 221பி. ஹோம்ஸையே கோனன் டாயில், தனக்கு எடின்பரோவில் மருத்துவம் சொல்லிக்கொடுத்த ஜோசப் பெல் என்ற மருத்துவரைப் பார்த்துத்தான் படைத்தார். ஆக, டாக்டரிலிருந்து துப்பறிவாளர் பிறந்து, அந்தத் துப்பறிவாளரிலிருந்து மறுபடி ஒரு டாக்டர் பிறந்திருக்கிறார்.

ஹவுஸின் மூளைமீது எனக்கு மரியாதை உண்டு. அது வெறும் டிவி மாயமும் இல்லை. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் யூர்கன் ஷேஃபர் என்ற மருத்துவர் இந்தத் தொடரை வைத்தே மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர். 2012-ல் அவரிடம் 55 வயதுக்காரர் ஒருவர் வந்தார். இதயம் பலவீனம், காய்ச்சல், கண் மங்கல், காது மந்தம் என்று எல்லாம் சேர்ந்து வந்திருந்தன. காரணம் யாருக்கும் தெரியவில்லை. தொடரின் ஒரு எபிசோடில் இதே மாதிரி ஒரு கேஸைப் பார்த்திருந்த ஷேஃபர், அந்த மனிதருக்கு வைத்திருந்த உலோக இடுப்பு மூட்டைச் சந்தேகப்பட்டார். ரத்தத்தில் கோபால்ட் எக்கச்சக்கமாக இருந்தது. மூட்டை மாற்றியதும் அவர் தேறினார். 2014-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது.

சரி, அப்படியானால் அம்மாவை ஹவுஸிடம் சேர்த்துவிடலாமா? முதல் எபிசோடைத் திரும்பப் பார்த்தேன். இளம் ஆசிரியை ஒருத்தி வகுப்பில் பேச்சு குழறி விழுகிறாள். மூளையில் கட்டி என்று சந்தேகிக்கிறார்கள், பிறகு ரத்தக்குழாய் அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். கொஞ்சம் தேறுகிறாள், பிறகு இன்னும் மோசமாகிறாள். போதும், வீட்டுக்குப் போய்ச் சாகிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் ஹவுஸ் அவள் முகத்தையே பார்க்க வருகிறார். கடைசியில் அது பன்றியிறைச்சி வழியாக வந்த நாடாப்புழுவின் இளம்புழு, மூளையில் தங்கியது என்று தெரிகிறது. நம் நாட்டில் வலிப்போடு வருகிறவர்களிடம் டாக்டர்கள் வழக்கமாகச் சந்தேகிக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. சரியாகக் கழுவாத காய்கறி வழியாகப் பன்றி இறைச்சி தொடாதவர்களுக்கும் இது வரும். நியூ ஜெர்சியில் மாமேதை தேடிக் கண்டுபிடித்ததை இங்கே ஒரு பி.ஜி. மாணவர் முதல் நாளே யோசித்திருப்பார்.

என் தயக்கத்துக்குக் காரணம் அது இல்லை. ஹவுஸ் எபிசோடு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று தப்பான சிகிச்சைகளைத் தாண்டித்தான் சரியானதற்குப் போகும். வலுவான உடம்பு அதைத் தாங்கும். ஒன்பது நாள் காய்ச்சலில் துவண்ட 66 வயது உடம்பு தாங்குமா? அதைவிடப் பெரிய தயக்கம், நோயாளிகள் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்ற அவருடைய நம்பிக்கை. அதனால்தான் அவர் நோயாளியின் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பூட்டைத் திறந்து தேடச் சொல்கிறார். என் அம்மா பொய் சொல்லவில்லை. சொல்லத்தான் இல்லை. இரண்டும் வேறு. வெடுக்கென்று ஒருவர் பேசிவிட்டால் அம்மா அதற்குப் பிறகு வாய் திறக்க மாட்டாள். எனக்கு ஏதாவது வந்தால் ஹவுஸிடம் போவேன். அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வேன். அம்மாவை அனுப்ப மாட்டேன்.

இதற்கு நேர் எதிர்க்கோடி நம் வசூல்ராஜா. 2004-ல் கமல்ஹாசன் நடித்த 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்', முந்தைய வருடம் வந்த 'முன்னாபாய்' இந்திப் படத்தின் தமிழ் வடிவம். கட்டிப்பிடி வைத்தியம் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் இல்லை. வார்டைப் பெருக்கித் துடைக்கும் தொழிலாளியை அவன் அணைத்துக்கொள்ளும் காட்சியில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். உயிருக்குப் போராடிக்கொண்டு வருகிறவனுக்கும் ஃபார்ம் நிரப்பினால்தான் சிகிச்சையா என்று வகுப்பில் அவன் கேட்கும் கேள்வி நியாயமானது. அட்வான்ஸ் கட்டினால்தான் ஐ.சி.யூ. படுக்கை என்று சொல்லக் கேட்ட எவருக்கும் அந்தக் கேள்வி சுடும்.

அம்மா அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தழை ஒடிக்கப் போனது, ஆட்டுக்குட்டியின் பெயர், என் கல்யாணக் கவலை எல்லாம் பத்தே நிமிடத்தில் வெளியே வந்திருக்கும். ஆனால் கேட்டதை வைத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது. அவன் டாக்டர் இல்லை. பரீட்சையை எழுதியதும் அவன் இல்லை. நோய் முற்றிய மனிதரின் கையைப் பிடித்துக்கொள்ள அவனைவிட நல்லவன் கிடைக்க மாட்டான். மருந்து இருக்கிற நோய்க்கு முதலில் மருந்து தெரிந்தவர்தான் வேண்டும்.

அம்மாவையே கேட்டுப் பார்த்தேன். யோசிக்காமல் பதில் வந்தது: "நெஞ்சில் ஓர் ஆலயம் டாக்டர்." சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படம். ஸ்ரீதர் இயக்கி 1962-ல் வந்தது. கிட்டத்தட்ட முழுக் கதையும் ஒரே ஆஸ்பத்திரிக்குள் நடக்கும். கல்யாண்குமார்தான் டாக்டர் முரளி. அவர் காதலித்த சீதா, அதாவது தேவிகா, இன்னொருவருக்கு மனைவியாகி, புற்றுநோய் வந்த கணவனை அழைத்துக்கொண்டு அவரிடமே வருகிறாள். கணவன் முத்துராமன், தான் இறந்தால் நீ அவரையே கட்டிக்கொள் என்கிறான். டாக்டரோ அவனைக் காப்பாற்றியே தீருவது என்று ஊண் உறக்கம் மறந்து பாடுபடுகிறார். ஆபரேஷன் ஜெயிக்கிறது; டாக்டர் உயிர் போகிறது.

"அவரு தன் உசுரையே குடுத்தாருடா" என்றாள் அம்மா.

அம்மாவோடு எனக்கு இந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை. முரளி மாதிரி மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் பல ராத்திரி தூங்காதவர் கையில் கத்தியைக் கொடுத்து அம்மாவைப் படுக்கவைக்க மனம் வராது. மனதுக்கு இவ்வளவு நெருக்கமான கேஸை இன்னொரு சர்ஜனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தால், அவரும் பிழைத்திருப்பார், நோயாளியும் பிழைத்திருப்பார். நம் படங்களில் டாக்டரைக் கடவுளாக்கிவிடுகிறோம். கடவுளுக்கு ஷிப்ட் கிடையாது, லீவு கிடையாது, சந்தேகம் வந்தால் கேட்க ஒரு சீனியர் கிடையாது. நிஜத்தில் அந்த மூன்றும் இருக்கிற டாக்டரிடம்தான் நாம் பத்திரமாக இருப்போம்.

அதே சினிமாவில் இன்னொரு பக்கம் 2002-ல் வந்த 'ரமணா' காட்டிய ஆஸ்பத்திரி. ஏற்கெனவே இறந்துபோனவரை விஜயகாந்த் அங்கே கொண்டுபோகிறார். உயிர் இருப்பதாகச் சொல்லி உள்ளே வைத்துக்கொண்டு, சிகிச்சை நடப்பதாகக் காட்டிப் பணம் கறக்கிறார்கள். இருபது வருடம் கழித்தும் ஒவ்வொரு ஐ.சி.யூ. வாசலிலும் யாராவது ஒருவர் அந்தக் காட்சியைச் சொல்கிறார். நேர்மையான ஆஸ்பத்திரிகளுக்கும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பில்லில் என்ன இருக்கிறது என்று யாரும் விளக்காத இடத்தில் அந்தச் சந்தேகம் எப்படிப் போகும்? 2017-ல் 'மெர்சல்' படத்தில் விஜய் ஐந்து ரூபாய் டாக்டராக வந்தபோது தியேட்டரே எழுந்து கைதட்டியதற்குக் காரணமும் இதுதான். அந்தப் பாத்திரம் கற்பனை என்றாலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் இரண்டு ரூபாயில் ஆரம்பித்துக் கடைசிவரை ஐந்து ரூபாயில் வைத்தியம் பார்த்தார், 2020-ல் காலமானார். ராயபுரத்தில் டாக்டர் ஜெயச்சந்திரன் 2018-ல் மறைந்தபோது அந்தப் பகுதியே தெருவுக்கு வந்து அழுதது. சாதாரணக் காய்ச்சல் என்றால் அப்படிப்பட்டவரின் கிளினிக் பெஞ்சில்தான் போய் உட்காருவேன். மூச்சு வாங்கும்போது ஆக்சிஜனும் லேபும் ராத்திரி டூட்டிக்கு ஆளும் வேண்டும். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தனி ஒருவரால் அது ஆகாது.

'கிரேஸ் அனாடமி'யைப் பார்த்தவர்கள் சியாட்டில் கிரேஸ் ஆஸ்பத்திரியைச் சொல்வார்கள். 2005-ல் ஆரம்பித்த தொடர். திறமையான சர்ஜன்கள் அங்கே குவிந்திருக்கிறார்கள். ஆனால் 2006-ல் வந்த ஒரு காட்சியோடு நான் அந்த ஆஸ்பத்திரியை மனதிலிருந்து அடித்துவிட்டேன். இசி என்ற பயிற்சி டாக்டர், தான் காதலிக்கும் நோயாளிக்கு மாற்று இதயம் முந்திக் கிடைக்க வேண்டும் என்பதற்காக, அவருடைய இதயத்துக்குத் துணையாக ஓடும் கருவியின் ஒயரை வெட்டுகிறாள். உடல்நிலை மோசமானால் வரிசையில் மேலே போகலாம் அல்லவா? அந்த இதயம் நியாயப்படி இன்னொரு நோயாளிக்குப் போக வேண்டியது. அவர் பட்டியலில் 17 விநாடி முன்னால் பதிவானவர். தொடர் நம்மை இசியோடு சேர்ந்து அழவைக்கிறது. எனக்கு அந்த இன்னொருவரின் வீட்டுக்காரர்கள்தான் கண்ணில் நின்றார்கள். தமிழ்நாட்டில் 2008-லிருந்து மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகள் அரசுப் பட்டியல் வரிசைப்படி போகின்றன. அந்த வரிசையை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்கள் போன் மணிக்காகக் காத்திருக்கின்றன. வரிசையை உடைக்கும் அன்பு எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும் அந்த ஆஸ்பத்திரி எனக்கு வேண்டாம்.

வரிசை என்றதும் 'மாஷ்' ஞாபகம் வருகிறது. கொரியப் போரில் 4077 என்ற எண் கொண்ட நடமாடும் ராணுவ ஆஸ்பத்திரியின் கதை. போர் நடந்தது மூன்று வருடம். தொடர் ஓடியது 1972 முதல் 1983 வரை, 11 சீசன், 256 எபிசோடு. கடைசி எபிசோடை அமெரிக்காவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். ரேடார் என்ற பொடியனுக்கு ஹெலிகாப்டர் சத்தம் எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிடும். காயம்பட்டவர்கள் வந்து இறங்கியதும் யாருக்கு முதலில் என்பதைக் காயம்தான் தீர்மானிக்கும். ஜெனரலா சிப்பாயா, நம் ஆளா எதிரியா என்ற கேள்வி எழுந்தால் ஹாக்ஐ என்ற சர்ஜன் எரிந்து விழுவார். பில் கவுண்டரே கிடையாது.

கொரியாவில் நிஜமாகவே நம்மவர்களும் இருந்தார்கள். இந்தியா அனுப்பிய 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ்; அந்த 'ஏ' ஆற்காடு. 1950 டிசம்பரில் பியாங்யாங்கை விட்டுப் பின்வாங்கும்போது சாமான்களை ஏற்ற வண்டி இல்லை. கேட்பாரில்லாமல் கிடந்த ஒரு ரயில் எஞ்சினுக்கு வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, கிளப்பி, மருத்துவக் கருவிகளோடு வந்து சேர்ந்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. இந்தக் கதையைப் படித்த பிறகு மாஷ் கூடாரம் எனக்கு இன்னும் நெருங்கிவிட்டது. விபத்து, குண்டுக்காயம், ரத்தம் கொட்டுகிறது என்றால் 4077-க்குத்தான் போவேன். ஆனால் அங்கே தைத்து, நிலைப்படுத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். இழுத்துக்கொண்டே போகும் காய்ச்சலுக்கு அது இடமில்லை.

இப்போது அம்மாவிடம் திரும்புகிறேன்.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் ராத்திரி. ஒரே வார்டில் கட்டிலுக்கு இடமில்லாமல் தரையிலும் படுக்கை போட்டிருந்தார்கள். டூட்டி டாக்டர் சின்னப் பையன், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆக்சிஜன் வைத்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார், எங்களிடம் மூன்று வாக்கியம் பேசினார்: காய்ச்சலின் காரணம் இன்னும் தெரியவில்லை, தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, காலையில் பெரிய டாக்டர் வருவார். தெரியவில்லை என்று ஒருவர் சொன்னதே எனக்குத் தெம்பாக இருந்தது. எட்டு நாளாக எல்லாம் தெரிந்த ஒருவரிடம் இருந்துவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

விடியற்காலை நான்கு மணி இருக்கும். காய்ச்சல் 104. ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் வெந்நீரும் துணியுமாக வந்து, திரையை இழுத்துவிட்டு, அம்மாவின் உடம்பைத் துடைத்துவிட ஆரம்பித்தார். சித்தி சொல்லித்தான் எனக்கு இது தெரியும். இடுப்புப் பக்கம் துடைக்கும்போது பாவாடை நாடாவை நெகிழ்த்தச் சொன்னார். அம்மா கையால் பிடித்துக்கொண்டாள். "நானும் உங்க பொண்ணு மாதிரிதாம்மா" என்று அவர் சொன்ன பிறகு கையை எடுத்தாள். நாடா அழுந்துகிற இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி, சுண்டைக்காய் அளவில் கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவந்த விளிம்பு.

"இது எப்ப வந்துச்சும்மா?"

"அது எதுவோ முள்ளு கிழிச்சிருக்கும் தாயி. வலியே இல்ல."

"புதர் கிதர் பக்கம் போனீங்களா?"

அம்மா தழை ஒடிக்கப் போனதைச் சொன்னாள். துணியை வாளியில் போட்டுவிட்டு அந்த நர்ஸ் நேராக டூட்டி டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பப் போனார். அவரும் வந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், நர்ஸ் முகத்தைப் பார்த்தார். ஸ்க்ரப் டைபஸ். புதரிலுள்ள ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்பருவப் பூச்சி கடிப்பதால் வரும் காய்ச்சல். மழைக்குப் பிறகு வரும் குளிர் மாதங்களில் அதிகம். கடித்த இடத்தில் வலியோ அரிப்போ இல்லாமல் கறுப்புப் பொருக்கு உண்டாகும், பெரும்பாலும் அக்குள், மார்புக்குக் கீழே, இடுப்பு, தொடையிடுக்கு என்று துணி மறைக்கும் இடங்களில். அதனால்தான் கால்மாட்டில் நின்று பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்துக்குக் கட்டுப்படும். நேரம் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம் என்று பரவி உயிரைக் குடிக்கும். அந்த ராத்திரியே மருந்து ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் அம்மா ரசம் சாதம் கேட்டாள்.

அதன் பிறகுதான் நான் தொடர்களை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். டாக்டரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் நிற்பவர்களைத் தேடினேன். ஹவுஸில் நர்ஸ்கள் எங்கே? ரத்தம் எடுப்பதும், ஸ்கேன் எடுப்பதும், ராத்திரி கட்டிலருகே உட்காருவதும் எல்லாம் டாக்டர்களே. நெஞ்சில் ஓர் ஆலயத்தில் எல்லோர் கண்ணும் முரளிமீதுதான். நோயாளியைத் தொட்டுத் துடைத்து, நாடாவை நெகிழ்த்திப் பார்க்கிறவர்களுக்குக் கதையில் வேலையே இல்லாத ஆஸ்பத்திரியில், அம்மாவின் பொருக்கை யார் பார்த்திருப்பார்கள்?

அப்படித் தேடியபோது ஒரே ஓர் இடம் நின்றது. 'ஈ.ஆர்' தொடரின் கவுண்டி ஜெனரல், சிகாகோ. 1994 முதல் 2009 வரை 15 சீசன். எழுதி உருவாக்கிய மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். காசில்லாதவர்கள் வந்து மணிக்கணக்கில் காத்திருக்கும் பொது ஆஸ்பத்திரி அது, நம் ஜி.எச். மாதிரியே கூட்டம், ஸ்ட்ரெச்சர் தட்டுப்பாடு, அலுத்துப்போன டாக்டர்கள். அந்த அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ் கேரல் ஹாத்வே. யாருக்கு முதலில் என்று அவர் சொன்னால் டாக்டர்கள் கேட்பார்கள். தப்பு என்று பட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இடையில் மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறார். ஆனாலும், நான் நர்ஸாகவே இருக்கிறேன் என்று முடிவெடுக்கிறார். பிறகு அங்கேயே ஏழைகளுக்கு இலவச கிளினிக் ஒன்றும் தொடங்குகிறார். நர்ஸ் வேலை டாக்டர் வேலைக்குக் கீழே உள்ள படி இல்லை, அதுவே ஒரு தனிப் படிப்பு என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய கதையை நான் வேறு பார்க்கவில்லை.

கவுண்டி ஜெனரலில் தப்பே நடக்காது என்று நான் சொல்லவில்லை. முதல் சீசனிலேயே, 1995-ல் வந்த ஒரு எபிசோடு இருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி அடிக்கடி சிறுநீர் போவதாக வருகிறாள். டாக்டர் மார்க் கிரீன், நல்ல டாக்டர், சிறுநீர்ப்பாதைத் தொற்று என்று மருந்து கொடுத்து அனுப்புகிறார். கொஞ்ச நேரத்தில் வலிப்போடு திரும்ப வருகிறாள். கர்ப்பகால ரத்தக்கொதிப்பை அவர் கவனிக்கத் தவறிவிட்டார். பிரசவ டாக்டருக்கு ஆள்மேல் ஆள் அனுப்பியும் நேரத்துக்கு வரவில்லை. குழந்தை பிழைக்கிறது, தாய் இறந்துவிடுகிறாள். கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் கணவனிடம் கிரீன் போய்ச் சொல்வதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நமக்குக் காட்டுகிறார்கள். வேறு யாரையும் அனுப்பவில்லை, தானே போகிறார். விடிந்ததும் ரயிலில் உட்கார்ந்து அழுகிறார்.

அந்த எபிசோடைப் பார்த்த ராத்திரி, இவரிடமா அம்மாவைக் கொடுப்பது என்று எனக்கும் தோன்றியது. ரொம்ப நேரம் யோசித்தேன். எட்டு நாள் கால்மாட்டில் நின்ற டாக்டர், அம்மா பிழைத்த பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் பேப்பர்களோடு நான் நேரில் போய் இது ஸ்க்ரப் டைபஸாம் சார் என்று சொன்னபோது, "இருக்கும், இருக்கும்" என்றார். அடுத்து அதே காய்ச்சலோடு வருகிறவரின் இடுப்பை அவர் பார்ப்பாரா? கிரீன் இனி எந்தக் கர்ப்பிணியையும் ரத்த அழுத்தத்தை இரண்டாம் முறை பார்க்காமல் அனுப்ப மாட்டார். அந்த நம்பிக்கையில் அவரிடம் கொடுப்பேன், பக்கத்தில் ஹாத்வே இருக்கிறார் என்ற தைரியத்தோடு.

ஒரு விஷயத்தை மட்டும் டிவி பார்க்கிறவர்கள் மனதில் வைக்க வேண்டும். ஈ.ஆர் உட்பட மூன்று நிகழ்ச்சிகளில் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் காட்சிகளை எண்ணி, 1996-ல் 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. டிவியில் 75 சதவீதம் பேர் அந்த நேரத்தில் பிழைத்துவிடுகிறார்கள். நிஜத்தில் அவ்வளவு பேர் பிழைப்பதில்லை. ஐ.சி.யூ. வாசலில் நின்று டாக்டர் உதட்டைப் பிதுக்கும்போது, டிவியில் எழுந்து உட்கார்ந்தார்களே என்று நமக்குத் தோன்றும். டாக்டர்மேல் கோபம்கூட வரும். அந்தக் கோபத்தை நானே ஒரு ராத்திரி பக்கத்துப் பாய்க்காரர் முகத்தில் பார்த்தேன். அவர் மனைவி பிழைக்கவில்லை.

கணக்கை முடிக்கிறேன். எனக்குப் பிடிபடாத நோய் வந்தால் ஹவுஸ். ரோட்டில் அடிபட்டால் 4077. கடைசிக் காலம் வந்தால், வசூல்ராஜா வந்து உட்காரட்டும். அம்மாவைக் கவுண்டி ஜெனரலில்தான் சேர்ப்பேன்.

இதைச் சொல்லி, ஹாத்வே வரும் காட்சி ஒன்றை அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். பாஷை புரியாமலே கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்தாள். முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தப் பொண்ணு நைட் டூட்டிலயும் இருக்குமாடா?"